2017-இல் எழுதிய கண்புரை வழிகாட்டியை மாற்ற வேண்டுமா?

கேள்வி, 2024 மே 4

அக்கா, அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இங்கே கண்ணாடிக் கடையில் சோதித்துவிட்டு, "6/9 வரை படிக்கிறார், இந்தப் பகுதியில் இன்னும் குறைந்தால்தான் ஆபரேஷனுக்கு அனுப்புவார்கள்" என்றார்கள். 6/9 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 9 மீட்டரில் படிக்கிற எழுத்தை அம்மா 6 மீட்டரில் நின்றால்தான் படிக்கிறார். வீட்டுக்கு வந்து தேடினேன். இங்கிலாந்தில் எல்லாரும் பின்பற்றுவது, அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டிகள் எழுதும் நைஸ் நிறுவனத்தின் என்.ஜி. 77 என்கிற வழிகாட்டியாம். 2017 அக்டோபரில் வந்தது. ஏழு வருஷமாகப் போகிறது. மருத்துவத்தில் ஏழு வருஷம் என்றால் எவ்வளவோ மாறியிருக்கும். இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டாமா? நீங்கள் கண் மருத்துவமனையில் நர்ஸ் என்பதால் கேட்கிறேன்.

மே 4, இரவு

தம்பி, அவசரமானதை முதலில் சொல்கிறேன். நீங்கள் தூக்கிப் போடச் சொல்லும் அந்த வழிகாட்டிதான் உங்கள் அம்மா பக்கம் நிற்கிறது.

கடையில் சொன்னதற்கு நேர் எதிராக அதில் ஒரு வரி இருக்கிறது: பார்வைக் கூர்மை இவ்வளவு என்று ஓர் அளவு வைத்து யாருக்கும் கண்புரை அறுவை சிகிச்சையை மறுக்கக் கூடாது. அனுப்புவதா வேண்டாமா என்பதை நோயாளியோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். புரையால் அன்றாட வாழ்க்கை எப்படிப் பாதிக்கப்படுகிறது, ஒரு கண்ணா இரண்டுமா, ஆபரேஷனில் என்ன நன்மை, என்ன ஆபத்து, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், கடைசியாக அவருக்கே அதில் விருப்பம் உண்டா. பேச வேண்டியவை இவைதான். 6/9, 6/12 என்ற எண் எதுவும் வாசலில் நிற்கவில்லை.

அப்புறம் ஏன் கடையில் அப்படிச் சொன்னார்கள்? வழிகாட்டி வந்த காலத்தில் பணத்தைக் கையில் வைத்திருந்தவை வட்டாரக் குழுக்கள். அவற்றில் பல, செலவைக் கட்டுப்படுத்தத் தாங்களாகவே ஓர் எண்ணை வைத்துக்கொண்டன. 2022 ஜூலையில் அந்தக் குழுக்கள் கலைக்கப்பட்டு 42 பெரிய வாரியங்கள் வந்தன. குழு போய்விட்டது, ஆனால் அது போட்ட விதி சில ஊர்களில் இன்னும் படிவத்தில் உட்கார்ந்திருக்கிறது. கடையில் இருப்பவர் அந்தப் படிவத்தைத்தான் பார்க்கிறார். அவரிடம் சண்டை வேண்டாம். உங்கள் குடும்ப மருத்துவரான ஜிபியிடம் போய், அம்மாவுக்கு என்னென்ன செய்ய முடியவில்லை என்று எழுதிக் கொடுங்கள்.

மே 5

காலையில் இன்னொருவர் எழுதியிருக்கிறார்: "6/9 என்றால் நல்ல பார்வைதானே, அவசரம் என்ன?" இந்த எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை அறையில் வேலை பார்க்கிறேன். பார்வை அட்டை இருக்கும் அறை எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. அந்த நிலையில் கண்பாப்பா விரிந்திருக்கும். லென்ஸின் பின்பக்க உறையை ஒட்டி நடுவில் ஒரு புரை இருந்தாலும், ஓரங்கள் வழியாக வெளிச்சம் உள்ளே போய்விடும். எழுத்தைப் படித்துவிடுவார்கள். அதே ஆள் வெயிலில் நின்றால் பாப்பா சுருங்கிவிடும், பார்வை முழுவதும் அந்த நடுப்புரை வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஒரு முறை ஒரு பாட்டி வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். 6/9 தடையில்லாமல் படித்தார். நான் பேனா டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, வெளிச்சம் கண்ணில் சாய்வாக விழும்படி வைத்து மறுபடி படிக்கச் சொன்னேன். முதல் இரண்டு வரிக்கு மேல் எதுவும் வரவில்லை. "பிள்ளை, எல்லாம் பால் மாதிரிப் போட்டுது" என்றார். கோயிலுக்கு நடந்து போகும்போது எதிர்வெயிலில் ரோட்டைக் கடக்கப் பயந்து, போவதையே நிறுத்திவிட்டாராம். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அட்டை மட்டும் பார்த்தால் இவருக்கு ஒன்றுமில்லை.

கார் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதை. இந்த நாட்டுச் சட்டப்படி 20 மீட்டரில் நம்பர் பிளேட் படிக்க வேண்டும், 6/12 பார்வை வேண்டும். பகலில் இரண்டையும் தாண்டிவிடுவார்கள். ராத்திரி எதிரே வரும் ஹெட்லைட்டில் ஒன்றும் தெரியாது.

2017-இல் நைஸ் செலவுக் கணக்கும் போட்டுப் பார்த்தது. புரையால் தொந்தரவு இருக்கிறவருக்கு ஆபரேஷனைத் தள்ளிப் போடுவதைவிட இப்போதே செய்வது கொடுக்கிற பணத்துக்குத் தகும் என்றுதான் வந்தது. அதற்குப் பின்னால் இந்த வரியை அசைக்கிற மாதிரி எந்த ஆதாரமும் என் கண்ணில் படவில்லை.

மே 5, மாலை

"புரை முத்தட்டும் என்று ஊரில் சொல்வார்களே" என்று கேட்டவருக்கு: சொன்ன காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. லென்ஸை முழுதாக, உறையோடு சேர்த்து வெளியே எடுத்த காலம் அது. உள்ளே வேறு லென்ஸ் வைக்க மாட்டார்கள், சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அவ்வளவு மோசமான மாற்றுக்குப் போகிறவர் முடிந்தவரை பொறுத்திருந்ததில் நியாயம் உண்டு. இப்போது அல்ட்ராசவுண்டால் லென்ஸை உடைத்து உறிஞ்சுகிறார்கள். பாக்கோ என்று நாம் எல்லாரும் சொல்வது அதைத்தான். புரை முற்றி இறுகினால் உடைக்க அதிக சக்தி செலுத்த வேண்டும், கருவிழியின் உள்பக்க செல்கள் அடிபடும். முத்தவிட்டால் ஆபரேஷன் கடினமாகிறது. அம்மா அப்பா இப்படிச் சொல்லித் தள்ளிப் போட்டால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

மே 7

சரி, மூலக் கேள்விக்கு வருகிறேன். ஒரு வழிகாட்டியை மாற்ற வேண்டுமா என்பதை எப்படிப் பார்ப்பது?

வயதைப் பார்ப்பதில்லை. நைஸில் ஒரு வழிகாட்டியை மறுபடி எடுத்துப் பார்க்கும்போது, அது வெளிவந்த பிறகு என்ன புது ஆய்வுகள் வந்திருக்கின்றன என்று தேடுவார்கள், அந்தத் துறையில் இருப்பவர்களைக் கேட்பார்கள். கேள்வி ஒன்றுதான்: புதிதாக வந்தது, எழுதியிருக்கும் பரிந்துரையை மாற்றுமா? புதுச் சான்று பழைய வரியையே உறுதி செய்தால் தொட வேண்டியதில்லை. அதனால் முழு வழிகாட்டிக்கும் ஒரே பதில் வராது. வரி வரியாகத்தான் போக வேண்டும். நானும் இந்த இழையில் அப்படியே போகிறேன், வேலை முடிந்து வந்து நேரம் கிடைக்கும்போதெல்லாம் ஒன்றொன்றாக.

அப்படியே இருக்கட்டும் என்று நான் நினைப்பவை முதலில். கண்ணின் நீளத்தை ஒளிக்கருவியால் அளப்பது, முடியாதபோது மட்டும் அல்ட்ராசவுண்ட். மரத்துப்போகச் சொட்டு மருந்து அல்லது கண்ணைச் சுற்றியிருக்கும் டெனான் உறைக்கடியில் மருந்து. கண்ணுக்குப் பின்னால் ஆழமாக ஊசி போடும் பழைய முறை வேண்டாம். சிக்கலில்லாத ஆபரேஷன் என்றால் மறுநாளே நேரில் வரச்சொல்ல வேண்டாம். எல்லாம் சரிதான், நடைமுறையிலும் ஊறிப்போய்விட்டது.

லென்ஸ் மாறிப்போகாமல் தடுப்பதற்கு ஒரு பகுதி இருக்கிறது. பலர் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள், நான் மாட்டேன். தவறான லென்ஸ் வைப்பது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்-இல் "ஒருபோதும் நடக்கக் கூடாதவை" பட்டியலில் இருக்கிறது. தியேட்டரில் நான் நின்ற நாட்களில் நடப்பது இது. பட்டியலின் வரிசை திடீரென்று மாறும். ஒருவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, அடுத்தவரைக் கூப்பிடு என்பார்கள். முன்னவரின் 21.5 பவர் லென்ஸ் பெட்டி மேசையிலேயே இருக்கும். விபரீதம் அங்கேதான் பிறக்கும். அதனால்தான் வழிகாட்டி, அந்த நோயாளிக்கான ஒரே ஒரு லென்ஸ் மட்டும் தியேட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அதே மாதிரி இன்னொன்றும், சிக்கல் வந்தால் வைக்க மாற்று லென்ஸும் இருப்பில் இருக்க வேண்டும். பெட்டியைத் திறக்கும் முன் பெயர், பிறந்த தேதி, எந்தக் கண், எந்த மாடல், எத்தனை பவர் என்று நான் சத்தமாகப் படிப்பேன், டாக்டர் அச்சிட்ட தாளைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர் கேஸ் தாளில் ஒட்டப்படும் வரை யார் பேசினாலும் திரும்ப மாட்டேன். இந்தப் பகுதியில் ஒரு எழுத்தையும் எடுக்கக் கூடாது.

மே 11

லேசர். "லேசர் கண்புரை ஆபரேஷன்தான் நவீனம், என்.எச்.எஸ் பழசைப் பிடித்துத் தொங்குகிறது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் ஒரு தெளிவு. ஃபெம்டோசெகண்ட் லேசர் புரையை வெளியே எடுத்துவிடாது. கருவிழியில் வெட்டு, உறையில் வட்டத் திறப்பு, லென்ஸைத் துண்டு போடுவது, இவ்வளவுதான் லேசரின் வேலை. அப்புறமும் பாக்கோ கருவி உள்ளே போய்த்தான் உறிஞ்ச வேண்டும்.

2017-இல் ஆதாரம் போதவில்லை. அதனால் வழிகாட்டி, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் மாதிரி தீர்மானிக்கும் சமவாய்ப்பு ஆய்வின் பகுதியாக மட்டும் லேசரைப் பயன்படுத்துங்கள், செலவுக் கணக்கையும் சேர்த்து எடுங்கள் என்றது. நல்ல வரி, ஏனென்றால் அந்த ஆய்வுகள் உண்மையிலேயே நடந்தன. 2020-இல் இரண்டு முடிவுகள் வந்தன. ஒன்று இங்கிலாந்தின் ஃபேக்ட் என்ற ஆய்வு, 785 பேர். இன்னொன்று பிரான்ஸின் ஃபெம்கேட், 909 பேர். இரண்டிலும் லேசர் பாக்கோவை மிஞ்சவில்லை. பார்வை ஏறக்குறைய ஒன்றே, பாதுகாப்பும் ஒன்றே. செலவு மட்டும் கூடுதல், அந்தக் கூடுதலுக்குத் தகுந்த பலன் இல்லை.

இந்த வரியைத் திறந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. 2017-இல் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, அந்தப் பதிலை எழுதி வைக்க வேண்டும். "ஆய்வில் மட்டும்" என்று இன்னும் இருந்தால், ஏதோ நல்ல சேதி வரப்போகிறது, காத்திருக்கிறார்கள் என்று படிக்கிறவர் நினைப்பார். தனியார் விளம்பரங்களுக்கு அந்த நினைப்பு வசதி. வழக்கமான புரைக்கு லேசர் வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லிவிடலாம்.

மே 12

ஒரே நாளில் இரண்டு கண். இழையைத் தொடங்கிய தம்பி தனிச்செய்தியில் கேட்டது இது, எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

2017 வழிகாட்டியில் இதற்கு இடம் இருக்கிறது: ஆபரேஷனிலும் பிறகும் சிக்கல் வரும் வாய்ப்பு குறைவானவர்களுக்கும், முழு மயக்கம் தேவைப்படுகிற, ஆனால் மயக்கமே ஆபத்தாகிற நோயாளிகளுக்கும் இதைப் பரிசீலிக்கலாம். "பரிசீலிக்கலாம்" என்பது நைஸ் பாஷையில் மென்மையான வார்த்தை. ஆதாரம் வலுவாக இல்லாதபோது அதைப் போடுவார்கள்.

அதற்குப் பிறகு கொரோனா வந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் தடவையைக் குறைக்க வேண்டும் என்பதால் 2020-இல் இங்குள்ள கண் மருத்துவர்களின் அமைப்பான ராயல் காலேஜும் இதற்கு வழிமுறை கொடுத்தது. 2023-இல் நெதர்லாந்தின் பைகேட் ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 865 பேர், பாதிப் பேருக்கு ஒரே நாளில், மற்றவர்களுக்குத் தனித்தனி நாளில். எதிர்பார்த்த பவர் கிடைப்பதில் ஒரே நாள் முறை பின்தங்கவில்லை. செலவு குறைந்தது.

என் அனுபவத்தில் இது யாருக்கு வரம் என்றால், வீட்டில் அழைத்துவர ஆள் இல்லாதவர்களுக்கு. மகன் லீவு போட வேண்டும், வண்டி ஏற்பாடு, நாலு வாரச் சொட்டு மருந்து, அப்புறம் இதெல்லாம் மறுபடியும் இரண்டாவது கண்ணுக்கு. நடுவில் ஒரு கண்ணுக்கு லென்ஸ் வைத்து, மறு கண்ணுக்குப் பழைய கண்ணாடி பவரோடு தலை சுற்றிக்கொண்டு இருக்கிற நாட்கள் வேறு. பவர் வித்தியாசம் பெரிதாக இருந்தால் படிக்கட்டில் இறங்கவே பயப்படுவார்கள்.

மே 12, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஆபத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டால் முழுமையாகாது.

பயம் ஒன்றுதான், இரண்டு கண்ணிலும் ஒன்றாகத் தொற்று வந்துவிட்டால்? மிக மிக அரிது, ஆனால் வந்தால் வாழ்க்கையே போய்விடும். இவ்வளவு அரிதான ஒன்றை 865 பேரை வைத்து அளக்க முடியாது. பைகேட் நல்ல ஆய்வு, ஆனால் இந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லாது. ஆயிரக்கணக்கில் பல வருஷமாக இப்படிச் செய்துவரும் பின்லாந்து, ஸ்வீடன், கேனரித் தீவுகளின் பதிவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு முறையில்தான் இருக்கிறது. ஒரே நாள் என்றாலும் இரண்டு தனி ஆபரேஷன். முதல் கண் முடிந்ததும் கவுன், கையுறை, துணி எல்லாம் மாறும். கருவிகள் வேறு சுற்றில் கிருமி நீக்கப்பட்டு வந்தவை. உள்ளே செலுத்தும் திரவம் வேறு பேட்ச். முதல் கண்ணில் ஏதாவது பிசகினால் இரண்டாவதைத் தொடாமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். புது வழிகாட்டி எழுதினால், "பரிசீலிக்கலாம்" என்பதை வலுவாக்குவதோடு இந்த ஒழுங்கையும் பரிந்துரைக்குள்ளேயே சேர்க்க வேண்டும் என்பேன். அவசரத்தில் ஒழுங்கை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் இடங்கள் வந்துவிடக் கூடாது. இன்றைக்கு என்.எச்.எஸ் பணத்தில் நடக்கும் கண்புரை ஆபரேஷன்களில் பாதிக்கு மேல் தனியார் மையங்களில் நடக்கின்றன. 2017-இல் நிலைமை அப்படி இல்லை.

தம்பி, உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்றீர்கள். விழித்திரையைப் பார்த்த பிறகுதான் ஒரே நாள் பேச்சு.

மே 18

கண்ணுக்குள் போடும் ஆன்டிபயாடிக். மதுரைக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படும் பகுதி இது.

வழிகாட்டி செஃப்யூராக்சைமைச் சொல்கிறது. ஆபரேஷன் முடியும்போது கண்ணின் முன்னறைக்குள் ஒரு சிறு அளவு. அதற்கு ஆதாரம் ஐரோப்பியக் கண்புரை மருத்துவர்கள் சங்கம் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வு, 16,000-க்கும் மேற்பட்டவர்கள், தொற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. தியேட்டரில் நாமே பவுடரைக் கரைக்காமல், கம்பெனியோ பார்மசியோ தயாரித்ததையே போட வேண்டும் என்றும் வழிகாட்டி சொல்கிறது. கரைசல் விகிதம் பிசகினால் விழித்திரை கெடும் என்பதால் அந்த வரிக்கு நான் முழு ஆதரவு.

வழிகாட்டி வெளியான அதே 2017-இல் அரவிந்த் மருத்துவமனைகளின் கணக்கு வந்தது. ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஆபரேஷன்கள். செஃப்யூராக்சைம் அல்ல, மாக்ஸிஃப்ளாக்சசின். போடாதபோது பத்தாயிரத்துக்கு 7 பேருக்குத் தொற்று, போட்டபோது 2 பேருக்கு. பின்னால் இருபது லட்சம் ஆபரேஷன் வரை சேர்த்தும் வெளியிட்டார்கள். உலகத்தில் வேறு எங்கும் ஒரே குடும்பத்து மருத்துவமனைகளிலிருந்து இவ்வளவு பெரிய எண்ணிக்கையைத் திரட்டுவது கஷ்டம். நம் ஊர் ஏழை விவசாயியின் கண்ணும் நெசவாளியின் கண்ணும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. ஆஸ்பத்திரி மீட்டிங்கில் அந்த அட்டவணை திரையில் வந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

கீழே ஒருவர், "நம் ஊர் ஆய்வு என்பதால்தான் வெள்ளைக்காரன் எடுத்துக்கொள்ளவில்லை" என்கிறார். அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. முதல் காரணம் காலம், இரண்டும் ஒரே வருஷம். இரண்டாவது, அது சமவாய்ப்பு ஆய்வு இல்லை. போட்டவர்களையும் போடாதவர்களையும் பிறகு ஒப்பிட்ட கணக்கு. மூன்றாவது, கண்ணுக்குள் போடுவதற்கென்று செஃப்யூராக்சைமுக்கு இங்கே உரிமம் இருக்கிறது, மாக்ஸிஃப்ளாக்சசினுக்கு இல்லை. ஆனாலும் அடுத்த முறை குழு உட்காரும்போது இதை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். செஃப்யூராக்சைம் ஒவ்வாதவருக்கு என்ன போடுவது என்பது நாங்கள் தினமும் பார்க்கிற கேள்வி. வான்கோமைசினை அமெரிக்காவில் சிலர் இப்படிப் போட்டு, அபூர்வமாக விழித்திரை ரத்தக்குழாய்கள் அடைபட்டுப் பார்வை போனவர்கள் உண்டு, 2017-இல் அந்த நாட்டு மருந்துத் துறை எச்சரித்தது. மாற்று எது என்பதை ஆளுக்கு ஆள் முடிவெடுக்கும்படி விடக் கூடாது.

மே 19

சொட்டு மருந்து பற்றிச் சிறு குறிப்பு. பிறகு வரும் வீக்கத்தைத் தடுக்க ஸ்டீராய்டு, ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்புச் சொட்டு, ஏதாவது ஒன்றோ இரண்டுமோ என்பது 2017 வரி. சர்க்கரை நோய், கண்ணுக்குள் அழற்சி போன்றவை இருந்தால் இரண்டும். 2018-இல் வந்த பிரிமெட் ஆய்வு, சர்க்கரை இல்லாதவர்களிடமும் இரண்டும் சேர்த்துப் போட்டால் விழித்திரை நடுவில் நீர் கோத்துக்கொள்வது குறைகிறது என்று காட்டியது: ஸ்டீராய்டு மட்டும் 5.1 சதவீதம், மற்றது மட்டும் 3.6, இரண்டும் 1.5. இதுவும் திறந்து பார்க்க வேண்டிய வரிதான். ஆனால் இரண்டு புட்டி என்றால் கை நடுங்குகிற, தனியாக இருக்கிற முதியவர் எது எத்தனை வேளை என்று குழம்புவார். அதையும் குழு எண்ணிப் பார்க்க வேண்டும்.

மே 26

மல்டிஃபோக்கல் லென்ஸ், அதாவது தூரத்தையும் கிட்டத்தையும் ஒரே லென்ஸில் காட்டுவது. இதைத் தொட்டால் சண்டை வரும் என்று தெரியும், இருந்தாலும் எழுதியாக வேண்டும்.

வழிகாட்டி "கொடுக்காதீர்கள்" என்கிறது. அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆபரேஷனுக்கான வரி அது. காரணம், கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியும் என்பது உண்மையானாலும், வெளிச்சத்தைப் பங்கு போடுவதால் கூர்மை கொஞ்சம் குறையும், ராத்திரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும்.

இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியை, தனியாரில் போட்டவர், கண்ணாடியே மறந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ராத்திரி டாக்ஸி ஓட்டுகிற ஒருவர், அதே வகை லென்ஸ், ஒவ்வொரு தெருவிளக்கும் பூச்சக்கரம் மாதிரி விரிகிறது என்று சொல்லி அழுதார். லென்ஸை மாற்றுவது முதல் ஆபரேஷனைவிடக் கடினம். அவரிடம் முதலில் யாராவது உட்கார்ந்து, என்ன தொழில், எத்தனை மணிக்கு ஓட்டுவீர்கள் என்று கேட்டிருந்தால் அந்த லென்ஸை வைத்திருக்க மாட்டார்கள்.

அதனால் என்.எச்.எஸ்-இல் மல்டிஃபோக்கல் வேண்டாம் என்ற வரி தொடர்வதில் எனக்கு வருத்தமில்லை. சிக்கல் வேறு இடத்தில். 2017-க்குப் பிறகு இடைப்பட்ட ரகங்கள் சந்தைக்கு வந்துவிட்டன. ஒற்றைப் பார்வை லென்ஸேதான், ஆனால் வடிவத்தைச் சற்றே மாற்றி, கம்ப்யூட்டர் தூரம் வரை கொஞ்சம் தெளிவு கூட்டியவை. வளையத் தொல்லை ஒற்றைப் பார்வை லென்ஸ் அளவுக்கே இருக்கும் என்று கம்பெனிகள் சொல்கின்றன. இவற்றை எந்தப் பெட்டியில் போடுவது? மல்டிஃபோக்கல் என்று தள்ளுவதா, சாதாரண லென்ஸ் என்று எடுப்பதா? பழைய வழிகாட்டியில் இவற்றின் பெயரே இருக்க முடியாது. உண்மையிலேயே பழசாகிவிட்ட பகுதி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

ஊரில் சொந்தக்காரருக்கு லென்ஸ் பேக்கேஜ் விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், எதை எடுப்பது என்று கேட்டவருக்கு: விலையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். விழித்திரையிலோ கண் நரம்பிலோ வேறு நோய் இருக்கிறதா, ராத்திரி வண்டி ஓட்டுவாரா, படிக்கக் கண்ணாடி போட்டால் என்ன குறை, இந்த மூன்றையும் கேளுங்கள். பலருக்கு நல்ல ஒற்றைப் பார்வை லென்ஸே போதும்.

ஜூன் 2

லென்ஸ் பவர் கணக்கிடும் சூத்திரம் பற்றிக் கேட்ட ஆப்டோமெட்ரி மாணவருக்கு: நீளம் 22 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணுக்கு ஹைகிஸ் அல்லது ஹாஃபர் க்யூ, 22 முதல் 26 வரை பாரெட் யுனிவர்சல், அது கருவியில் இல்லையென்றால் எஸ்.ஆர்.கே. டி, 26-க்கு மேல் ஹைகிஸ் அல்லது எஸ்.ஆர்.கே. டி. இதுதான் 2017. பாரெட்டுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள், எண்களைக் கையால் எடுத்தெழுத வேண்டியிருந்தால் வேண்டாம் என்று. கையால் எழுதும்போதுதான் 23.1 என்பது 21.3 ஆகும். இன்றைக்கு நிறையக் கருவிகளில் பாரெட் உள்ளேயே வருகிறது, கேன் போன்ற புது சூத்திரங்களும் வந்துவிட்டன. புதுப்பிக்க வேண்டும், ஆனால் யாருடைய பார்வையும் இதற்காகக் காத்துக்கிடக்கவில்லை.

இன்னொன்று, இதைச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக எனக்குள் இருக்கிறது. ஒரு பாக்கோ ஆபரேஷன் காற்றில் விடும் கார்பனைக் கார்டிஃபில் கணக்கிட்டார்கள், சுமார் 180 கிலோ. அரவிந்தில் கணக்கிட்டபோது சுமார் 6 கிலோ. குப்பை, ஓர் ஆபரேஷனுக்குக் கால் கிலோ. நான் ஒரு காலை லிஸ்ட் முடிந்து பார்க்கும்போது மஞ்சள் பைகள் சுவரோரம் இடுப்பு உயரம் நிற்கும். பிரிக்கவே பிரிக்காத கத்தரிக்கோல், பாதி கூடத் தீராத சொட்டு மருந்து, எல்லாம் அதில். மதுரையில் கருவிகளைச் சுத்தப்படுத்தி மறுபடி பயன்படுத்துகிறார்கள், தொற்றோ மேலே எழுதிய அளவுதான். எதை மறுபடி பயன்படுத்தலாம், எதைக் கூடாது என்பதை ஆதாரத்தோடு ஆராய்ந்து சொல்ல வேண்டிய இடம் வழிகாட்டிதான். 2017 பரிந்துரைகளில் இதற்கென்று ஒரு வரி இல்லை. புதுப்பிக்க ஒரே ஒரு பகுதிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் லென்ஸ் ரகங்களைச் சொல்வேன், இரண்டு பகுதிக்கு என்றால் அடுத்தது இது.

ஜூன் 8

தம்பி எழுதியிருக்கிறார்: ஜிபி அம்மாவை அனுப்பிவிட்டாராம். அம்மாவே உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பஸ் நம்பர் தெரியவில்லை, அரிசியில் கல் பார்க்க முடியவில்லை, பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வெயிலில் திரும்பப் பயமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்களாம். நல்ல வேலை செய்தீர்கள். முதல் கண் முடிந்து, "இப்போது ஒரு கண் நன்றாகத் தெரிகிறதே, இரண்டாவது எதற்கு" என்று யாராவது கேட்டால், இரண்டாவது கண்ணுக்கும் முதல் கண்ணுக்குரிய அதே அளவுகோல்தான் என்று அந்த வழிகாட்டியில் இருக்கிறது, காட்டுங்கள்.

ஜூன் 9

அப்பா புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறார், ஆபரேஷனுக்கு முன் நிறுத்தலாமா என்று கேட்டவருக்கு: நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினாலும் அதன் விளைவு கண்ணில் தங்கியிருக்கும், சிறுநீர் அடைத்துக்கொண்டால் அது வேறு அவஸ்தை. அந்த மாத்திரையால் ஆபரேஷனின்போது பாப்பாவைச் சுற்றியிருக்கும் ஐரிஸ் என்ற நிறப்படலம் தொளதொளத்துப்போய் பாப்பா சுருங்கும். முன்பே தெரிந்தால் கண்ணுக்குள் பாப்பாவை விரிக்கும் ஃபினைலெஃப்ரின் மருந்தைப் போட்டுச் சமாளிப்பார்கள், வழிகாட்டியிலும் அது இருக்கிறது, அந்த வரியை மாற்றத் தேவையில்லை. பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரை அட்டையையே கையில் கொண்டுபோய் நர்ஸிடம் காட்டுங்கள். முன்பு சாப்பிட்டு இப்போது விட்டிருந்தாலும் சொல்லுங்கள்.